முதல் தவறு யார் உடலில்?

மூச்சுத் திணறிக் கிடக்கும் ஒருவரின் வாயைத் திறந்து, நாக்கை ஒதுக்கி, குரல்வளையின் இடுக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செலுத்த வேண்டும். ஐ.சி.யு.வில் இதை ‘ட்யூப் போடுவது’ என்பார்கள். கைதேர்ந்தவருக்கு அரை நிமிட வேலை. புதியவருக்கு? மயக்கவியல் பயிற்சியைத் தொடங்கிய மருத்துவர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்த ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. பத்தில் ஒன்பது முறை சரியாகப் போடும் நிலையை எட்ட அவர்களுக்குச் சராசரியாக 57 முயற்சிகள் தேவைப்பட்டன. அதுவும் அறுவை அரங்கில், முன்கூட்டியே பரிசோதித்து, வெறும் வயிற்றோடு படுக்கவைத்த நோயாளிகளிடம்.

ஐ.சி.யு.வுக்கு வருபவர் அப்படித் தயாராகி வருவதில்லை. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும். நுரையீரலில் ஆக்சிஜன் கையிருப்பே இருக்காது. 29 நாடுகளில் 2,964 நோயாளிகளைக் கவனித்து 2021இல் வெளிவந்த ‘இன்டியூப்’ ஆய்வில், குழாய் போடும் அந்தச் சில நிமிடங்களையொட்டி 45.2 விழுக்காட்டினருக்குப் பெரிய பாதிப்பு ஏதேனும் ஒன்று நேர்ந்தது. 3.1 விழுக்காட்டினருக்கு இதயமே நின்றது.

பழகாத கையின் அந்த ஐம்பத்துச்சொச்சம் முயற்சிகளும் யார் உடலில் நடக்க வேண்டும்? தீவிர சிகிச்சை மருத்துவர்களை இனி எப்படி உருவாக்குவது என்று உலகெங்கும் விவாதிக்கிறார்கள். பொம்மை நோயாளி, மெய்நிகர் காட்சி, செயற்கை நுண்ணறிவு, பணி நேரம், தேர்வு முறை என்று பேச்சு எங்கெங்கோ போகிறது. எந்த வழியாகப் போனாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. முதல் தவறு நோயாளியின் உடலில் நிகழக்கூடாது. ஆனால் கடைசிப் பாடம் நோயாளியின் அருகில்தான் படிக்கப்பட வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்க, அனுபவம் உள்ள ஒருவர் வேண்டும். என் கட்சி இதுதான்.

தீவிர சிகிச்சைத் துறை பிறந்ததே ஓர் அவசரப் பயிற்சியில். 1952 கோடையில் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. அங்கிருந்த தொற்றுநோய் மருத்துவமனையான பிளெக்டாமுக்கு, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தார்கள். கையில் இருந்ததோ ‘இரும்பு நுரையீரல்’ எனப்படும் சுவாசப் பெட்டி ஒரே ஒன்றும், மார்பைச் சுற்றிப் பொருத்தும் ஆறு சிறு கருவிகளும். அவற்றில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். தலைமை மருத்துவர் ஹென்றி லாசன், பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவரை வரவழைத்தார்.

நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் அளவு ஏறியிருந்தது. உடலில் காரத்தன்மை கூடியதன் அடையாளம் அது என்று அங்கிருந்தவர்கள் எண்ணியிருந்தார்கள். இல்லை, மூச்சு போதாமல் கரியமிலவாயு தேங்கியதால் வந்தது என்றார் இப்சன். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தவைத்து, ரப்பர் பை ஒன்றைக் கையால் அழுத்தி அழுத்தி அவளுக்கு மூச்சுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள்.

ஒரு சிறுமிக்குச் செய்ததை எல்லாருக்கும் செய்வது எப்படி? ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களைத் திரட்டினார்கள். சிறிது நேரப் பயிற்சிக்குப் பிறகு ஒவ்வொருவரும் ஒரு நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, முறைவைத்துப் பையை அழுத்தினார்கள். உச்சகட்டத்தில் ஒரே சமயத்தில் 70 பேருக்கு இப்படி மூச்சு கொடுக்கப்பட்டது. மொத்தம் 1,65,000 மணி நேரம். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு, 1953இல், அதே நகரத்தின் நகராட்சி மருத்துவமனையில் இப்சன் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார். இன்றைய ஐ.சி.யு.வின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள்.

பையை அழுத்துகிற கைக்கு ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கும். பை திடீரெனக் கனத்தால் சளி அடைத்திருக்கலாம். சட்டென்று இளகிவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. நோயாளி தானாக மூச்சு இழுக்கத் தொடங்கினால் அந்த இழுப்பு விரல்களில் தெரியும். இப்போது இந்த வேலையை வென்டிலேட்டர் நம்மைவிட நன்றாகவே செய்கிறது. அதன் திரையில் அழுத்தமும் கன அளவும் வரைகோடுகளாக ஓடுகின்றன. அந்தக் கோடுகளைப் பார்த்து நுரையீரல் இறுகிவிட்டதா, குழாய் அடைத்துவிட்டதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத மருத்துவருக்கு அவை வெறும் கோடுகள்தான். இப்சன் எண்ணுக்குப் பின்னாலிருந்த உடலைப் பார்த்தார். எந்தக் கருவி வந்தாலும் இந்தப் பயிற்சிக்கு இதுவே அடித்தளம்.

அமெரிக்காவில் மருத்துவர் பீட்டர் சாஃபர் 1958இல் பால்டிமோரில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவை அமைத்தார். பிறகு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் இதற்கென்றே மருத்துவர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையை மக்களுக்குக் கற்பிக்க அவருக்கு ஒரு மாதிரி உடல் தேவைப்பட்டது. நார்வேயின் ஸ்டாவங்கர் நகரைச் சேர்ந்த பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முன்ட் லேர்டல் 1960இல் ‘ரிசஸ்ஸி ஆன்’ பொம்மையைச் செய்து கொடுத்தார். முதலுதவி வகுப்புக்குப் போனவர்கள் அதன் வழித்தோன்றல் ஒன்றின் மார்பைப் பெரும்பாலும் அழுத்தியிருப்பார்கள்.

1967இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ‘சிம் ஒன்’ என்ற கணினிப் பொம்மை உருவானது. அதற்கு நாடித்துடிப்பு உண்டு, கண் இமைக்கும், மருந்துக்கு ஏற்ப உடல் மாறும். ட்யூப் போடக் கற்பிப்பதற்காகவே செய்யப்பட்டது. அதில் பழகியவர்கள் விரைவாகத் தேர்ச்சி பெற்றார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்று அந்த முயற்சி கைவிடப்பட்டது. பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் இடத்தில் மருத்துவ உலகம் அப்போதிலிருந்தே தயங்குகிறது.

‘ஒருமுறை பார், ஒருமுறை செய், ஒருமுறை சொல்லிக்கொடு’ என்பது மருத்துவத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். இதை எண்களால் உடைத்துக் காட்டியவர்கள் சிகாகோ நகரின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பார்சக் குழுவினர். கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ உள்ள பெரிய ரத்தநாளத்துக்குள் ‘சென்ட்ரல் லைன்’ என்ற மெல்லிய குழாயைப் போடுவது ஐ.சி.யு.வின் அன்றாட வேலை. ஊசி தவறினால் நுரையீரலில் குத்தும், தமனி கிழியும். கிருமி ஏறினால் ரத்தமே நஞ்சாகும். பார்சக் குழு ஒரு விதி வைத்தது: மாதிரி உடலில் பழகு, சரிபார்ப்புப் பட்டியலின்படி தேர்வு வைப்போம், நிர்ணயித்த மதிப்பெண்ணை எட்டும்வரை நோயாளியைத் தொடாதே. ஒருவருக்கு நான்கு மணி நேரம் ஆகலாம், இன்னொருவருக்கு எட்டு மணி நேரம் ஆகலாம். நேரம் மாறலாம், தரம் மாறக்கூடாது. 2009இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, அந்த ஐ.சி.யு.வில் குழாய் வழி ரத்தத்தொற்று, 1,000 குழாய் நாட்களுக்கு 3.20 என்ற அளவிலிருந்து 0.50ஆகக் குறைந்தது.

அந்த முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். தொற்றைக் குறைத்தது புது மருந்தல்ல, புதுக் கருவியுமல்ல, கற்பிக்கும் முறை. அப்படியென்றால் பயிற்சியைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும். ஒரு மருந்துக்கு எவ்வளவு கறாராக ஆய்வு நடத்துகிறோமோ, அதே கறாரோடு பயிற்சி முறைகளையும் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும்.

ட்யூப் விஷயத்தில் இன்னொரு திருப்பம் நடந்துகொண்டிருக்கிறது. குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவி நுனியில் கேமராவோடு வந்த பிறகு, குரல்வளை திரையில் பெரிதாகத் தெரிகிறது. அமெரிக்காவில் 1,417 நோயாளிகளிடம் நடத்தி 2023இல் வெளியான ‘டிவைஸ்’ ஆய்வில், கேமராக் கருவியால் முதல் முயற்சியிலேயே வெற்றி 85.1 விழுக்காடு, பழைய கருவியால் 70.8 விழுக்காடு. குழாய் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பயிற்சி மருத்துவர்கள். நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கேமராதான் வேண்டும். கற்பிப்பவருக்கும் பெரிய வசதி: முன்பெல்லாம் சீடர் என்ன பார்க்கிறார் என்பது சீடருக்கு மட்டுமே தெரியும்; இப்போது இருவரும் ஒரே திரையைப் பார்க்கிறார்கள். ஆனால் ரத்தமோ வாந்தியோ கேமராவை மறைத்துவிட்டால், பழைய கருவியால் நேரே பார்த்துப் போடும் பழக்கம் கையில் இருந்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தை நோயாளியிடம் வளர்க்க இனி வாய்ப்பு குறையும். ஆகவே அது பொம்மையிடமும் அறுவை அரங்கிலும், விடாமல், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒன்றாக மாறும்.

மெய்நிகர் கண்ணாடி, தொடு உணர்வு தரும் கையுறை என்று கண்காட்சிகளில் வைக்கப்படும் பொருட்கள் மீது எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை. என்னை ஈர்ப்பது வேறு: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவர் டேவிட் காபா 1980களில் தொடங்கிய வேலை கருவியைவிடக் குழுவைப் பற்றியது. விமான விபத்துகளை ஆராய்ந்த நாசா, 1979இல் நடத்திய ஒரு பயிலரங்கில், பல விபத்துகளுக்குக் காரணம் விமானியின் கைத்திறன் குறைவல்ல, விமானி அறைக்குள் ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் ஏறாததுதான் என்ற கருத்தை முன்வைத்தது. காபா அதை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார். பொம்மையின் இதயம் நின்றுவிடும். குழு ஓடிவரும். யார் தலைமை, யார் மருந்தை எடுப்பது, சொன்னது காதில் விழுந்ததா, தவறு நடக்கும்போது கடைக்கோடியில் நிற்கும் செவிலியர் வாய் திறந்தாரா? முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்து மனம்விட்டுப் பேசுவார்கள். கற்றல் பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான் நிகழ்கிறது.

2005இல் இங்கிலாந்தில் ஒரு பெண் சாதாரண சைனஸ் அறுவைக்காக மயக்கப்பட்டார். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போகவில்லை. கழுத்தில் துளையிடும் கருவியை ஒரு செவிலியர் தேடிக் கொண்டுவந்துவிட்டார், இன்னொருவர் ஐ.சி.யு.வில் படுக்கைக்குச் சொல்லிவிட்டார். அனுபவம் மிக்க மருத்துவர்களோ குழாயையே திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் சில நாட்களில் இறந்தார். என்ன செய்ய வேண்டும் என்று அந்த அறையில் இருந்த சிலருக்குத் தெரிந்திருந்தது. அதை உரக்கச் சொல்லிக் கேட்கவைக்க அவர்களால் முடியவில்லை. விமானியான அவருடைய கணவர் இதைப் பொதுவில் சொல்லி, பிரிட்டனில் மருத்துவக் குழுப் பயிற்சிக்காக இயக்கமே நடத்தினார்.

நம் மருத்துவமனைகளில் இந்தப் படிநிலை இன்னும் இறுக்கமானது. பேராசிரியர் முன்னால் பிஜி மாணவர் பேச மாட்டார், பிஜி முன்னால் செவிலியர் பேசத் தயங்குவார். இதைத் தளர்த்திப் பார்த்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 ஐ.சி.யு.க்களில் சென்ட்ரல் லைன் தொற்றைக் குறைக்க மருத்துவர் பீட்டர் புரோனவோஸ்ட் நடத்திய திட்டத்தில் கைகழுவுதல், முழுத் திரைவிரிப்பு, தோலுக்குக் குளோர்ஹெக்சிடின், தொடையிடுக்கைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்தல் என்று ஐந்தே அம்சங்கள். அதில் மருத்துவர் ஒன்றைத் தவறவிட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்கு வழங்கப்பட்டது. 1,000 குழாய் நாட்களுக்கு 2.7ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூச்சியமானது. 2006இல் வெளியான முடிவு இது. “டாக்டர், நிறுத்துங்க, விரிப்பு நழுவிடுச்சு” என்று செவிலியர் சொல்ல, “சரிங்க சிஸ்டர்” என்று மருத்துவர் கையை எடுக்கும் பழக்கத்துக்கு நிகரான கருவி எதுவும் இதுவரை விற்பனைக்கு வரவில்லை.

கைவேலையைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு: குறைவாகச் செய்வது. நுரையீரல் வீங்கி நீர்கோத்த நோயாளிகளுக்கு வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும்? உடல் எடையில் கிலோவுக்கு 12 மி.லி. என்று கணக்கிடுவது அப்போது வழக்கத்தில் இருந்தது. 861 பேரிடம் நடத்தி 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு அதை 6 மி.லி.யோடு ஒப்பிட்டது. இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைந்தது. இங்கே எடை என்பது தராசு காட்டும் எடையல்ல, உயரத்திலிருந்து கணக்கிடும் எடை. 150 செ.மீ. உயரமுள்ள பெண் 75 கிலோ இருந்தாலும் கணக்கு ஏறத்தாழ 43 கிலோதான். அவருக்குத் தர வேண்டியது சுமார் 260 மி.லி. உண்மையான எடையைப் போட்டால் 450 வந்துவிடும். உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை.

இவ்வளவு தெளிவான பாடம் படுக்கையருகே வந்துசேர்ந்ததா? 50 நாடுகளின் 459 ஐ.சி.யு.க்களைப் பார்த்த ‘லங் சேஃப்’ ஆய்வு 2016இல் வெளியானது. இந்த நுரையீரல் நோயே இருக்கிறது என்பதை மருத்துவர்கள் அடையாளம் கண்டது 60 விழுக்காட்டினரிடம் மட்டும்தான். கிலோவுக்கு 8 மி.லி.க்கு உட்பட்ட காற்று கிடைத்ததும் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவானவர்களுக்கே. பதினாறு ஆண்டுகள்! தெரிந்ததைச் செய்யவைப்பதும் பயிற்சியின் வேலைதான். ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் உயரம் அளந்தாயிற்றா என்று கேட்கும் ஒரு சீனியர், பத்து மாநாட்டு உரைகளுக்குச் சமம்.

அடுத்தது பணி நேரம். பாஸ்டனில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஐ.சி.யு.வில் 24 மணி நேரத்துக்கு மேல் தொடர் டியூட்டி பார்த்த இளம் மருத்துவர்கள், குறுகிய டியூட்டி பார்த்தவர்களைவிட 36 விழுக்காடு அதிகமாகக் கடும் தவறுகள் செய்தார்கள். குறைத்தால் தீர்ந்தது என்றுதான் தோன்றும். ஆனால் 2020இல் வெளியான ஆய்வில், குழந்தைகளுக்கான ஆறு ஐ.சி.யு.க்களில் நீண்ட டியூட்டியை நீக்கிப் பார்த்தபோது தவறுகள் கூடின. தோண்டிப் பார்த்ததில், டியூட்டியைக் குறைத்தவர்கள் ஆள் எண்ணிக்கையைப் போதுமான அளவு கூட்டவில்லை. ஒரு மருத்துவர் பார்க்க வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை ஏறிவிட்டது. அந்தச் சுமையைக் கணக்கில் எடுத்ததும் வித்தியாசம் மறைந்தது. தொடர்ந்து 36 மணி நேரம் வேலை வாங்குவதைப் பயிற்சி என்று அழைக்கும் வழக்கம் நம்மிடம் ஒழிய வேண்டும். ஆள் சேர்க்காமல் நேரத்தை மட்டும் வெட்டும் அரசாணையும் அதற்கு மருந்தாகாது.

நேரம் குறைந்தால் பார்க்கும் நோயாளிகளும் குறைவார்கள். அப்படியானால் ‘மூன்று வருடம் முடித்தார்’ என்ற சான்றிதழுக்கு என்ன பொருள்? ஐரோப்பிய தீவிர சிகிச்சை மருத்துவ சங்கம் 2003இல் ‘கோபட்ரைஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஒரு நிபுணருக்கு வேண்டிய 102 தகுதிகளைப் பட்டியலிட்டது. இத்தனை வருடம் இருந்தாரா என்பதை விட்டு, இதைச் செய்ய முடிகிறதா என்று கேட்கத் தொடங்கினார்கள். பட்டியல் நீண்டால் அது கட்டம் போட்டு நிரப்பும் வேலையாகிவிடும் ஆபத்தும் உண்டு. அதற்கு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த ஓல்லெ டென் காட்டே 2005இல் ஓர் எளிய வழி சொன்னார். இந்த வேலையை இவரிடம் நம்பி ஒப்படைக்கலாமா என்று கேள். கூடவே நிற்க வேண்டுமா, கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருந்தால் போதுமா, வீட்டுக்குப் போய்விடலாமா? சைக்கிள் பழகும் தம்பியின் பின்னால் ஓடும் அண்ணன் எந்த நொடியில் கையை எடுக்கிறார் என்பது போன்ற முடிவு அது. கூடவே ஓடியவரால் மட்டுமே எடுக்க முடிந்த முடிவு.

இப்போது படுக்கையருகே ஒரு புதியவர் வந்து நிற்கிறார்: கணினி. ஐ.சி.யு. எண்களால் நிரம்பிய இடம். சான் பிரான்சிஸ்கோ நகரில் ஐந்து ஐ.சி.யு.க்களின் 77 படுக்கைகளில் ஒரு மாதம் மானிட்டர்களைக் கணக்கெடுத்தபோது 25 லட்சத்துக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் பதிவாயின. காதில் விழும்படி ஒலித்தவை படுக்கைக்கு ஒரு நாளில் 187. ஆராய்ந்து பார்த்த இதயத்துடிப்பு எச்சரிக்கைகளில் 88.8 விழுக்காடு பொய். இந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஆபத்தை முன்கூட்டியே பிரித்தெடுக்கக் கணினி உதவும் என்ற நம்பிக்கை நியாயமானது. ஆனால் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் பயன்பாட்டிலிருந்த ஒரு செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) முன்னறிவிப்பு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2021இல் வெளியிட்டபோது, அது செப்சிஸ் வந்தவர்களில் 67 விழுக்காட்டினரைத் தவறவிட்டிருந்தது. அதே நேரத்தில், சேர்க்கப்பட்ட நோயாளிகளில் 18 விழுக்காட்டினருக்கு எச்சரிக்கை மணி அடித்திருந்தது.

கணினி தவறுவதைவிட, அது பெரும்பாலும் சரியாகச் சொல்லும் நாளில் மருத்துவருக்கு என்ன ஆகும் என்பதே என் கவலை. போலந்தில் நான்கு மையங்களில் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களை ஆராய்ந்து 2025இல் ஒரு முடிவு வந்தது. செயற்கை நுண்ணறிவு துணைக்கு வந்த பிறகு, அந்தத் துணை இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அவர்கள் கட்டிகளைக் கண்டுபிடித்த விகிதம் 28.4 விழுக்காட்டிலிருந்து 22.4ஆக இறங்கியிருந்தது. அவர்கள் நன்கு அனுபவப்பட்டவர்கள். கற்றுத் தேர்ந்த கண்ணுக்கே இது நேருமென்றால், கற்கத் தொடங்கும்போதே கணினியைச் சார்ந்து நிற்பவரின் கண் எப்படித் திறக்கும்?

பயிற்சிக் காலத்தில் வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. இளம் மருத்துவர் முதலில் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, கை கால் சில்லிட்டிருக்கிறதா, முழங்காலில் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கிறதா, சிறுநீர் எவ்வளவு என்று பார்த்து, தன் முடிவை எழுதட்டும். அதன் பிறகுதான் கணினியின் கருத்து திரையில் திறக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் ஏன் என்று அன்றைய ரவுண்ட்ஸில் பேச வேண்டும். கணினி சரியாக இருந்தாலும் பேச வேண்டும். கருவி எந்த மக்களை வைத்துச் சோதிக்கப்பட்டது என்று கேட்கவும் கற்பிக்க வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி நலமாகக் காட்டியது வெள்ளையர்களிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. தோலின் கருமை ஒளியை மாற்றுகிறது. கருத்த தோல் உடையவர்கள் நிறைந்த நம் ஊர் ஐ.சி.யு.வில் இது முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டிய பாடம்.

ஐ.சி.யு. கதவுக்கு வெளியே நடப்பதையும் கற்றுத்தர வேண்டும். இதைத்தான் நாம் மிகக் குறைவாகக் கற்பிக்கிறோம். பிரான்சில் 22 ஐ.சி.யு.க்களில், இறக்கும் நிலையிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தினரோடு மருத்துவர்கள் பேசும் முறையை மாற்றிப் பார்த்தார்கள். முடிவு 2007இல் வந்தது. சந்திப்பு 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடமானது. அதில் குடும்பத்தினர் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 நிமிடமாக உயர்ந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மனவடுவின் அறிகுறிகள் பழைய முறையில் 69 விழுக்காட்டினரிடமும் புதிய முறையில் 45 விழுக்காட்டினரிடமும் இருந்தன. ஒன்பது நிமிடம் கூடுதலாகக் காது கொடுத்ததன் பலன் இது.

நம் ஊரில் வராந்தாவில் காத்திருப்பது ஒருவரல்ல, ஒரு குடும்பமே. முடிவெடுப்பவர் மூத்த மகனா, வெளியூரிலிருந்து வரும் மருமகனா என்று தெரியாது. பில் தொகை எல்லார் மனதையும் அழுத்திக்கொண்டிருக்கும். மீளமுடியாத நிலையில் உயிர்காப்புக் கருவிகளை விலக்குவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018இல் வழிமுறை வகுத்தது; 2023இல் அதை எளிதாக்கியது. சட்டம் வழி திறந்தாலும், அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று பயிற்சி பெற்ற மருத்துவர்கள் சொற்பம். “அப்பா எப்படிப்பட்டவர்னு கொஞ்சம் சொல்லுங்கம்மா. இந்த நிலைமையில அவர் என்ன விரும்பியிருப்பார்?” என்று கேட்டுவிட்டு மௌனமாக இருக்கப் பழக வேண்டும். நடிகர்களைக் குடும்பத்தினராக உட்காரவைத்து இதைப் பழக்க முடியும். ட்யூப் போடுவதைப் போலவே இதிலும் முதல் தடுமாற்றம் உண்மையான துயரத்தின் முன் நிகழக்கூடாது.

பிழைத்து வீட்டுக்குப் போனவர்களும் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். அமெரிக்காவில் 821 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்தும் நான்கில் ஒருவரின் நினைவும் சிந்தனையும் லேசான அல்சைமர் நோயாளியின் அளவில் இருந்தன. அளவுக்கு மீறி மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்ததன் விலையை, பயிற்சி மருத்துவர் ஆறு மாதம் கழித்துப் புறநோயாளி அறையில் நேரில் பார்த்தால்தான் அடுத்த நோயாளிக்கு மருந்தைக் குறைப்பார்.

இவ்வளவும் யாருக்காக? ஆசியாவின் 23 நாடுகள், பிரதேசங்களைப் பற்றி 2020இல் வந்த கணக்குப்படி, பணக்கார நாடுகளில் ஒரு லட்சம் பேருக்கு 12.3 தீவிர சிகிச்சைப் படுக்கைகள். ஏழை, கீழ்நடுத்தர வருமான நாடுகளில் 2.3. கோவிட் காலத்தில் படுக்கையும் வென்டிலேட்டரும் வாங்கிக் குவிக்க முடிந்தது. அவற்றை இயக்கத் தெரிந்தவர்களை ஒரே மாதத்தில் உருவாக்க எந்த நாட்டாலும் முடியவில்லை. 1993இல் தொடங்கப்பட்ட இந்திய தீவிர சிகிச்சை மருத்துவ சங்கம் இத்துறைக்கான படிப்புகளை நடத்திவருகிறது. பெருநகரக் கல்லூரிகளில் டி.எம். பட்டமும் உண்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு சிறு நகரத்து ஐ.சி.யு.வில் இருப்பவர் பெரும்பாலும் அந்தப் பட்டம் பெற்றவரல்ல, எம்.பி.பி.எஸ். முடித்து வேலைக்குச் சேர்ந்த டியூட்டி டாக்டர். எதிர்காலப் பயிற்சி அவரைச் சென்றடையவில்லை என்றால் மீதியெல்லாம் மாநகரத்து ஆடம்பரம்.

வழி இல்லாமல் இல்லை. கொழும்பைத் தளமாகக் கொண்ட ‘நிக்ஸ்ட்’ என்ற அமைப்பு, இலங்கையின் ஐ.சி.யு. செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் குறுகிய பயிற்சிகளை நடத்தியது. தொடக்கத்தில் வெளிநாட்டு ஆசிரியர்களும் வந்து கற்பித்தார்கள். பிறகு உள்நாட்டவரே ஆசிரியர்களாகிப் பொறுப்பை ஏற்றார்கள். இந்தியாவில் பத்துப் படுக்கை ஐ.சி.யு. திட்டம் வடகிழக்கு உட்படப் பல மாநிலங்களின் சிறிய அரசு மருத்துவமனைகளைத் தொலைத்தொடர்பு வழியாக நிபுணர்களோடு இணைக்கிறது. அப்படிப்பட்ட இணைப்பை ஆலோசனைக்கு மட்டும் பயன்படுத்துவது பாதி வேலை. இரவில் நிபுணர் சொன்ன ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தை மறுநாள் காலையில் அதே திரையில் அந்த டியூட்டி டாக்டரோடும் செவிலியரோடும் இருபது நிமிடம் உட்கார்ந்து பேசினால், ஓர் ஆண்டில் அந்த ஊர் ஐ.சி.யு. ஒரு பள்ளிக்கூடமாகிவிடும். மலிவான பொம்மை ஒன்றும், உயரம் அளக்க ஒரு நாடாவும், மாதம் ஒருமுறை குழுவாக ஓர் ஒத்திகையும் சேர்த்தால் அதற்கு ஆகும் செலவு ஒரு வென்டிலேட்டரின் விலைக்கு வெகு கீழே.

செலவாகப் போவது சீனியரின் நேரம். அந்த இருபது நிமிடத்தில் அவர் வேறு நோயாளியைப் பார்க்க மாட்டார், கட்டணம் ஈட்ட மாட்டார். இன்றைய நிலையில் பெரும்பாலான மருத்துவமனைகள் அதை வேலையாகவே கணக்கில் எடுப்பதில்லை. விரும்பியவர்கள் தங்கள் தூக்கத்திலிருந்தும் குடும்ப நேரத்திலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறார்கள். அரசு மருத்துவமனைப் பணியிட ஒதுக்கீட்டிலும் தனியார் மருத்துவமனைச் சம்பளப் பட்டியலிலும் கற்பிக்கும் மணிகளுக்கென்று தனி வரி இருக்க வேண்டும். ஐ.சி.யு.வுக்கு அங்கீகாரம் வழங்க வருபவர்கள் வென்டிலேட்டர்களை எண்ணுவதோடு, சென்ற மாதம் இங்கே யார் யாருக்கு எத்தனை மணி நேரம் கற்பித்தார் என்ற பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.